கடலோரச் சரணாலயங்களுக்குக் கிளம்புகிறீர்களா? கையோடு வைத்துக்கொள்ள 24 குறிப்புகள்

பழவேற்காட்டில் தொடங்கிக் கன்னியாகுமரியைச் சுற்றி வளையும் தமிழகக் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளம். வழியெங்கும் காயல், கண்டல் காடு, ஏரி, தீவு, மான் மேயும் புல்வெளி. அங்கே போய்விட்டு, “ஒரு பறவைகூட இல்லைங்க, வெறும் தண்ணிதான்” என்று சலித்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் இடத்தில் குறை இருக்காது, போன நாள்தான் சரியில்லாமல் இருந்திருக்கும். லீவு கிடைத்த நாளில் கிளம்புவதை விட்டுவிட்டு மழை, காற்று, ஓதம் மூன்றையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டு கிளம்பினால் பாதிக் கவலை தீரும்.

1. வேடந்தாங்கலுக்கு நாள் குறிக்கும் முன் மழைக் கணக்கைப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பினால்தான் பறவைகள் கூடு கட்டும். மரத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றால்தான் கூட்டுக்குப் பாதுகாப்பு, குஞ்சுக்கு இரை. ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்த ஆண்டில் போய் ஏமாற வேண்டாம். ஏரி நிரம்பிய ஆண்டென்றால் ஜனவரியும் பிப்ரவரியும் நல்ல மாதங்கள். கூட்டில் குஞ்சுகள் இருக்கும், தாய்ப்பறவைகள் இரை தேடிப் போய்வந்துகொண்டே இருக்கும்.

2. பூநாரைக்கு இந்தக் கணக்கு தலைகீழ். அது முழங்கால் ஆழத் தண்ணீரில் நின்று, தலையைக் கவிழ்த்து, அலகால் நீரை வடிகட்டித் தின்னும் பறவை. பெருமழைக்குப் பின் காயலில் ஆழம் கூடிவிட்டால் வேறு இடம் பார்த்துப் போய்விடும். பழவேற்காட்டிலும் தனுஷ்கோடியிலும் பூநாரை பார்க்க வேண்டுமென்றால் மழை ஓய்ந்து தண்ணீர் கொஞ்சம் வடியட்டும். தை, மாசி சரியாக இருக்கும். தனுஷ்கோடிப் பகுதி 2025 ஜூன் மாதம் பூநாரைச் சரணாலயமாகவே அறிவிக்கப்பட்டிருக்கிறது.

3. ராமேஸ்வரம் பக்கம் போகிறவர்கள் காற்றைக் கேட்டுவிட்டுப் போங்கள். தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர்கள் பேச்சில் வடகடல், தென்கடல். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று அடிக்கும்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடைக்காற்று வந்ததும் இது மாறிவிடும். ஒரு பக்கம் படகு விடவில்லை என்றதும் மூட்டை கட்டிவிடாதீர்கள். சில கிலோமீட்டர் தள்ளி மறுபக்கக் கடல் குளம் மாதிரி இருக்கலாம்.

4. ஓதம் பார்க்கத் தனிக் கருவி வேண்டாம், சமையலறைச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரே போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் ஏறுவதும் வற்றுவதும் அதிகம். அஷ்டமியை ஒட்டி அது குறைவு. நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். இன்று காலை 7 மணிக்கு ஏற்றம் என்றால் நாளை ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளி வரும். குஜராத் கடலோடு ஒப்பிட்டால் நம் கரையில் ஓதம் சிறியதுதான். ஆனால் இடுப்பளவு ஆழமே உள்ள காயலில் ஓரடி வித்தியாசம் பெரிய வித்தியாசம். தண்ணீர் வற்றும்போது சேறு வெளிப்படும், உள்ளான்கள் கூட்டமாக இறங்கி மேயும். படகில் ஒடுங்கிய வாய்க்கால்களுக்குள் போக வேண்டுமென்றால் தண்ணீர் ஏறியிருக்க வேண்டும். பறவைக்கு வற்றம், படகுக்கு ஏற்றம் என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.

5. வேடந்தாங்கலுக்கு நடுப்பகலில் போவதில் பயனில்லை. காலை 6 மணியிலிருந்து 9 மணி வரை, இல்லையென்றால் மாலை 4 மணிக்கு மேல். மாலையில் வயல்வெளிகளுக்குப் போன பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பும். சென்னையிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் வந்தால் படாளம் கூட்ரோட்டில் திரும்ப வேண்டும். ஏரிக்கரை மேலேயே நடந்தபடி பார்க்கலாம் என்பதால் முட்டிவலி உள்ள பெரியவர்களையும் தைரியமாக அழைத்துப் போகலாம். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்றுகொள்ளுங்கள். எதிர்வெயிலில் நின்றால் எல்லாப் பறவையும் காக்கையாகத்தான் தெரியும்.

நத்தைக்குத்தி நாரையின் அலகைப் பைனாகுலரில் உற்றுப் பாருங்கள். மூடிய பிறகும் மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும். வழவழப்பான நத்தையைப் பிடித்து வேலையை முடிக்க அது வசதி. குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். மரத்தடித் தண்ணீரில் விழும் எச்சம் ஏரிப் பாசனத்தோடு வயலுக்குப் போய் உரமாகிறது. இந்த ஊர்க்காரர்கள் பறவைகளை விட்டுக்கொடுக்காததற்கு இதுவும் ஒரு காரணம். வெள்ளைக்கார சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798 வாக்கிலேயே தடை உத்தரவு வாங்கியவர்கள்.

6. வேடந்தாங்கலில் கூட்டம் அலைமோதினால் அருகிலேயே இருக்கும் கரிக்கிலிக்கு வண்டியைத் திருப்புங்கள். வாத்துகளும் உள்ளான்களும் அங்கே நன்றாகத் தெரியும். பெயர் தெரியாத இடம் என்பதால் சத்தமும் குறைவு.

7. எந்தப் படகில் ஏறினாலும் உயிர்காக்கும் சட்டையை மாட்டி, வாரை இறுக்கிய பிறகே உட்காருங்கள். குழந்தைக்குப் பெரியவர் அளவைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தண்ணீரில் விழுந்தால் அது கழுத்து வழியே கழன்றுவிடும். 2011 கிறிஸ்துமஸ் நாளன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து உல்லாசப் பயணம் வந்த 22 பேர் இறந்தார்கள். “ஆழமே இல்லீங்க” என்று படகுக்காரர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். சேற்றில் கால் புதைந்தவருக்கு இடுப்பளவுத் தண்ணீரும் ஆழம்தான்.

8. படகேறாமலே பழவேற்காடு ஏரியைப் பார்க்க ஒரு வழி உண்டு. ஆந்திரப் பக்கம் சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. பருவத்தில் சாலையோரத்திலேயே பூநாரை, கூழைக்கடா, கரண்டிவாயன் எல்லாம் தெரியும். வண்டியை ஓரம் கட்டி, உள்ளே இருந்தபடியே பாருங்கள். பறவைகள் காருக்கு அவ்வளவாக மிரள்வதில்லை, கதவைத் திறந்து மனிதர் இறங்கினால்தான் மிரளும். தமிழகப் பக்கப் பழவேற்காட்டுக்குப் போனால் டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்தை விட்டுவிடாதீர்கள்.

9. பிச்சாவரத்தில் மோட்டார் படகைத் தவிர்த்துத் துடுப்புப் படகைக் கேளுங்கள். மோட்டார் படகு அகலமான வாய்க்காலில் ஒரு சுற்று சுற்றிக் கொண்டுவந்து விட்டுவிடும். கிளைகள் தலைக்கு மேல் கூரை போட்ட ஒடுங்கிய வாய்க்கால்களுக்குள் துடுப்புப் படகுதான் நுழையும். “எம்.ஜி.ஆர். படம் எடுத்த இடம்” என்று படகோட்டி கட்டாயம் ஆரம்பிப்பார். அவர் சொல்வது ‘இதயக்கனி’. அவரைக் கொஞ்சம் பேசவிட்டுவிட்டு, பிறகு மரங்களைக் காட்டச் சொல்லுங்கள்.

சுரபுன்னை மரத்தைப் பாருங்கள். தண்டிலிருந்து வளைந்து இறங்கும் வேர்கள் சேற்றில் ஊன்றி மரத்தைத் தூக்கிப் பிடித்திருக்கும். அதன் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் மாதிரி நீளமாகத் தொங்கும். விழுந்தால் சேற்றில் குத்தி நிற்கும், இல்லையேல் மிதந்து போய் வேறெங்காவது வேரூன்றும். வெண்கண்டலின் அடியில் ஆயிரக்கணக்கில் விரல் நீளக் குச்சிகள் சேற்றிலிருந்து மேல்நோக்கி நிற்கும். அவை முளைகள் அல்ல, மூச்சுவிடும் வேர்கள். சேற்றுக்குள் காற்று கிடையாது என்பதால் மரம் வேரை வெளியே நீட்டுகிறது. வெண்கண்டல் இலை கைக்கெட்டினால் பறிக்காமல் விரலால் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்புக் கரிக்கும். வேர் வழியே ஏறிய உப்பை இலை வழியே வெளியே தள்ளுகிறது அந்த மரம். பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்ததைவிட இது நன்றாகப் பதியும்.

10. ஆனால் எந்த இலையையும் நாக்கில் வைத்துவிடாதீர்கள். அதே காட்டில் தில்லை மரமும் இருக்கிறது. சிதம்பரம் கோயிலின் தலமரம் அது. கிளையை ஒடித்தால் வடியும் பால் தோலில் பட்டால் கொப்பளிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. படகோட்டி உறுதியாகச் சொன்ன மரத்தை மட்டும் தொடுங்கள். தவறிக் கண்ணில் பட்டுவிட்டால் நல்ல தண்ணீரால் கால் மணி நேரமாவது விடாமல் கழுவி, நேராகக் கண் மருத்துவரிடம் போங்கள்.

11. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைப் பிச்சாவரம் போல் எண்ணிக்கொண்டு போகாதீர்கள். அங்கே ஆற்று வழியே நெடுந்தூரம் போனால்தான் காயல் வரும். படகுக்கும் அனுமதிக்கும் வனத்துறையிடம் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். உள்ளே கடை கண்ணி எதுவும் கிடையாது. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், மதியச் சாப்பாடு, தொப்பி மூன்றும் கட்டாயம். படகேறும் முன் எல்லோரும், முக்கியமாகப் பெண்களும் குழந்தைகளும், கழிப்பறை போய்விட்டு வருவது நல்லது. இதை எந்தச் சுற்றுலாக் கையேடும் எழுதுவதில்லை.

12. கோடியக்கரைக்கு ஒரு நாள் போதாது, ஓர் இரவு தங்குவது உத்தமம். 1967-இல் சரணாலயமான இடம். 2002-இல் தமிழகத்தின் முதல் ராம்சர் ஈரநிலமானது. வேதாரண்யத்தில் அறை எடுத்துக்கொண்டு விடியற்காலையில் காட்டுக்குள் இருங்கள். புல்வெளியில் வெளிமான்கள் மேயும். ஆண் மான் முதுகு கறுத்து, கொம்பு முறுக்கிக்கொண்டு நிற்கும். பெண் மானுக்குச் செம்பழுப்பு நிறம், கொம்பு இராது. காட்டுக் குதிரை என்று வழிகாட்டி காட்டுவது வீட்டுக் குதிரைகளின் வழிவந்த கூட்டம். அழகுதான், ஆனால் மான்களின் புல்லுக்கும் கோடைத் தண்ணீருக்கும் பங்காளி.

அகஸ்தியம்பள்ளியில், 1930 ஏப்ரல் 30-இல் ராஜாஜி தலைமையில் உப்பு அள்ளிய இடத்தில் நினைவுத்தூண் இருக்கிறது. அதைப் பார்க்கிறவர்கள் சுற்றியுள்ள உப்பளப் பாத்திகளையும் விடக்கூடாது. அக்டோபரிலிருந்து ஜனவரி வரை ஆர்க்டிக் பக்கத்திலிருந்துகூட வந்த உள்ளான்கள் அந்த ஆழமில்லாத தண்ணீரில் ஓடித் திரியும். காட்டில் மொட்டை மரங்களும் வெட்டவெளியும் தெரிந்தால் திகைக்க வேண்டாம். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரையேறியது இந்தப் பக்கத்தில்தான். பொன்னியின் செல்வன் படித்தவர்கள் பூங்குழலியின் கலங்கரை விளக்கத்தைத் தேடுவார்கள். சோழர் கால விளக்கம் என்று சொல்லப்பட்ட செங்கல் கட்டடத்தில் எஞ்சியிருந்ததும் 2004 சுனாமியில் போயிற்று.

13. கோடியக்கரைக் குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பை கண்ணில் பட்டால் போதும். தின்பண்டத்தைத் துணிப்பையில் போட்டு வண்டிக்குள் வையுங்கள். ஒரு பிஸ்கட்கூடக் கொடுக்காதீர்கள். நீங்கள் போய்விடுவீர்கள், அடுத்து வரும் குழந்தையின் கையைத்தான் அது பிறாண்டும்.

14. ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டி அருகே காரங்காடு. வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து நடத்தும் சூழல் சுற்றுலா இது. கண்டல் காட்டுக்குள் படகு விடுகிறார்கள், கயாக்கும் உண்டு. மீன், நண்டுச் சாப்பாடு ஊர்ப் பெண்களின் கைப்பக்குவம். வீட்டில் சமைத்து எடுத்துப் போக வேண்டாத ஒரே இடம் இதுதான் என்பேன்.

15. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவில் 21 தீவுகள். நினைத்த தீவில் இறங்க முடியாது. 1986 முதல் அது தேசியப் பூங்கா. பாம்பன் அருகே குருசடைத் தீவுக்கு வனத்துறை ஏற்பாட்டில் போய்வரலாம். “நான் கூட்டிப் போகிறேன்” என்று கரையில் வந்து பேசும் தனியாரை நம்பி ஏறினால் அபராதம் உங்கள் தலையில்தான் விழும். பவளப்பாறையின் மேல் நிற்காதீர்கள், அது கல் அல்ல, உயிர்.

16. கடல்பசுவைக் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் 2022-இல் கடல்பசுக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது உண்மை. ஆனால் கடற்புல் மேய்ந்து, மூச்சுக்கு மட்டும் மேலே வரும் அந்தக் கூச்ச சுபாவியை மீனவர்களே எப்போதாவதுதான் பார்க்கிறார்கள்.

17. சென்னைவாசிகளுக்குத் தூரப் பயணம்தான் வேண்டும் என்பதில்லை. கிண்டி தேசியப் பூங்கா சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். ஊருக்கு நடுவே மானும் ஆலமரமுமாக இருக்கிறது. மக்களுக்குத் திறந்திருப்பது சிறுவர் பூங்காப் பகுதி. அதற்கும் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும் செவ்வாய் விடுமுறை, ஆட்டோ ஏறும் முன் கிழமையைப் பாருங்கள். காணும் பொங்கலன்று இரண்டு இடங்களுக்கும் போகாமலிருப்பது மானுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சாலையோரத்தில் நின்றே பார்க்கலாம். கோழிகள் போல மேயும் ஊதாநிறத் தாழைக்கோழிகள் சில அடி தூரத்தில் தெரியும்.

18. ஆமை முட்டையிடும் காலம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. பங்குனி ஆமைகள் சென்னைக் கரைக்கே வருகின்றன. மாணவர்கள் 1988 முதல் நடத்திவரும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு, பருவத்தில் வார இறுதி இரவுகளில் பொதுமக்களையும் நடக்க அழைத்துப் போகிறது. விடிய விடிய மணலில் நடக்கும் தெம்புள்ளவர்கள் மட்டும் போங்கள். டார்ச், செல்போன் வெளிச்சம், ஃப்ளாஷ் எதுவும் கூடாது. பொரிந்த குஞ்சு வெளிச்சம் தெரியும் பக்கத்தைத்தான் கடல் என்று நம்பும். கடலோரத்தில் வீடுள்ளவர்கள் அந்த மாதங்களில் மொட்டைமாடி விளக்கை அணைத்து வைத்தாலே பெரிய உதவி.

19. திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்தை விடாதீர்கள். மார்கழியிலிருந்து பல மாதம் பறவைகள் இருக்கும். குளத்தோடு நிற்காமல் ஊருக்குள்ளேயே, வீட்டுக் கொல்லை மரங்களில் மஞ்சள்மூக்கு நாரை கூடு கட்டும். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். அது சரணாலயம்தான், கூடவே அவர்கள் வீட்டு முற்றமும். திருநெல்வேலி-தூத்துக்குடிச் சாலையில் வல்லநாடு வெளிமான் சரணாலயமும் இருக்கிறது.

20. வெள்ளை, சிவப்பு, மஞ்சள் உடைகளை வீட்டிலேயே விடுங்கள். காக்கி, பாசிப்பச்சை, மண்நிறம் நல்லது. நடக்கும்போது பீப்பீ என்று கத்தும் குழந்தைச் செருப்பைக் கண்டுபிடித்தவர் ஒரு பறவைகூடப் பார்த்திருக்க மாட்டார். சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைக்கும் என்பதால் கனமான அடிப்பாகமுள்ள ஷூ போடுங்கள். புதர்க்காட்டில் உண்ணி ஏறும், பேண்டைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள்.

21. பைனாகுலர் வாங்குவதானால் 8×42 போதும். பெரிதாகக் காட்டுகிறதே என்று 20 மடங்கு வாங்கினால் படகில் எல்லாம் ஆடும். போகும் முன் ஈபேர்ட் தளத்தில் அந்த ஊரைத் தேடினால் கடந்த வாரம் யார் எந்தப் பறவையைப் பார்த்தார்கள் என்று தெரியும். சரணாலயத்துக்குள் ட்ரோன் கூடவே கூடாது.

22. சாப்பாட்டுக்குப் புளிசாதம் எப்போதும் கைகொடுக்கும். தயிர்சாதம்தான் வேண்டுமென்றால் பாலில் பிசைந்து, பேருக்கு ஒரு ஸ்பூன் தயிர் விடுங்கள், மதியத்துக்குச் சரியாகத் தோய்ந்திருக்கும். எவர்சில்வர் டப்பாவோ வாழையிலையோ போதும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குகள் பலவற்றுக்கு 2019 ஜனவரி முதல் மாநிலமெங்கும் தடை இருக்கிறது.

23. கடலில் கால் நனைக்கிறவர்களுக்கு. ஆழமில்லாத மணலில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள், புதைந்து கிடக்கும் திருக்கை விலகிப் போகும். குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்து, மருத்துவமனைக்குப் போங்கள். முள் ஆழமாகப் பதிந்திருந்தால் பிடுங்காதீர்கள். சொறிமீன் பட்டால் மணலால் தேய்க்காமல் கடல்நீரால் கழுவுங்கள், மூச்சுத் திணறினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. கன்னியாகுமரிப் பக்கம் வானம் தெளிவாக இருக்கும்போதே திடீரெனப் பேரலை ஏறும், அதைக் கள்ளக்கடல் என்பார்கள். தெற்கே வெகுதூரத்தில் அடித்த புயல்காற்றின் அலை அது. ஹைதராபாத்திலிருந்து இன்காய்ஸ் நிறுவனம் தரும் எச்சரிக்கையை அன்று காலையே பார்த்துவிடுங்கள். 2024 மே மாதம் அப்படி எச்சரிக்கை இருந்த நாளில்தான் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் இறந்தார்கள்.

24. ஞாபகார்த்தமாகப் பவளத்துண்டு, உலர்ந்த கடல்குதிரை இவற்றை வாங்காதீர்கள். கடையில் பகிரங்கமாக விற்றாலும் வனஉயிர்ச் சட்டப்படி குற்றம். வீடு திரும்பியதும் முதல் வேலை, கண்ணாடி, பைனாகுலர், கேமரா லென்ஸைத் துணியால் துடைக்காமல் இருப்பது. உப்புத் துகள் கீறல் போடும். முதலில் ஊதி, பின் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். சேற்று ஷூவை வெயிலில் காயவைத்துத் தட்டினால் பாதிச் சேறு தானே உதிரும். காரின் அடிப்பாகத்தில் தண்ணீர் பீய்ச்சச் சொல்லி மெக்கானிக்கிடம் விடுங்கள், அன்றே விட்டால் துருவுக்கு வேலையில்லை.